கண் நம்முடையது, பார்வை யாருடையது?

கரைவலை வளைக்கும் நாளில் மன்னார்க் கரையில் நின்று பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். கரையில் நிற்கும் எல்லாரும் கடலைத்தான் பார்க்கின்றனர். ஆயினும் மண்டாடி காண்பதை மற்றவர் காண்பதில்லை. நீரின் நிறம் ஓரிடத்தில் சற்றே கறுப்பதும், பறவைகள் ஓரிடத்தில் தாழப் பறப்பதும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கின்றது என்பதும் அவருக்கு மட்டும் எழுத்துப்போலத் தெரிகின்றன. கண் எல்லார்க்கும் இரண்டுதான். பழகிய பார்வை ஒருவருக்கு உண்டு; பலருக்கு இல்லை. அந்த ஒருவருடைய பார்வையை நம்பித்தான் அன்று அத்தனை குடும்பங்களின் அடுப்பும் எரிகின்றது.

அதே கரையில், தொழிலுக்குப் போகாத இரவுகளில், அதே மனிதர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பார்க்கின்றனர். பேசாலையிலும் பள்ளிமுனையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் இக்காட்சி புதிதன்று. கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி வாழும் கமக்காரரும், கச்சேரியிலும் கல்லூரியிலும் வைத்தியசாலையிலும் பணிபுரியும் உத்தியோகத்தரும் இவ்வாறே பார்க்கின்றனர். ஆட்டம் முடிந்தபின், "என்ன நடந்தது?" என்று கேட்டால் கோல் அடித்தவரின் பெயரைச் சொல்லுகின்றோம். "அந்தக் கோல் எவ்வாறு வந்தது?" என்று கேட்டாலோ, நம்முள் பலர் வாய்திறப்பதில்லை. கடலையும் வயலையும் நோயாளியின் முகத்தையும் இத்துணைக் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்த நாம், பெட்டியின் முன் அமர்ந்தவுடன் அக்கூர்மையை வாசலிலே கழற்றி வைத்துவிடுகின்றோம். ஏன்?

இக்கேள்வி விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று என்பதே நமது கருத்து. பார்க்கும் பழக்கம் ஓரிடத்தில் தளர்ந்தால் அத்தளர்ச்சி மற்ற இடங்களுக்கும் பரவும். ஆகையால் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

செவியால் கண்ட காலம்

நம் நாட்டில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் தோன்றியது. ரூபவாகினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்னர் ஆட்டம் நம் மக்களுக்குச் செவியின் வழியாகவே வந்தது. தமிழக வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோர் கிரிக்கெட்டைத் தமிழில் வர்ணித்தபோது, கேட்டவர் சும்மா இருக்க முடியவில்லை. பந்து எத்திசையில் போயிற்று, அங்கே நிற்பவர் யார், எத்தனை அடி ஓடவேண்டும் என்று மனத்தினுள்ளே ஒரு மைதானத்தைத் தாமே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டத் தெரியாதவருக்கு வர்ணனை வெறும் ஒலி.

போர்க் காலத்தில் மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த வடபுலத்து ஊர்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதை நம் தலைமுறை மறந்திருக்காது. சுழற்றுபவரின் கை ஓய்ந்தால் ஒலியும் ஓய்ந்துவிடும். உடலுழைப்பைக் கொடுத்து வாங்கிய ஒலியை எவரும் அசட்டையாகக் கேட்டதில்லை.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தனுஷ்கோடி 1964 திசம்பர்ப் புயலில் அழிந்தது. பின்னர் போர் வந்து கப்பலையும் நிறுத்தியது. ஆனால் ஒளியலைக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. 323 மீற்றர் உயரமுள்ள இராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தபின், மேற்கு நோக்கித் திருப்பிவைத்த அன்டெனாக்கள் மன்னார்க் கூரைகளின் இயல்பான அணியாயின. அதன்பின் செய்மதித் தட்டு வந்தது. இன்று கைத்தொலைபேசி வந்துவிட்டது. காட்சி தெளிந்துகொண்டே வந்துள்ளது. பார்ப்பவர் செய்யவேண்டிய வேலையோ குறைந்துகொண்டே வந்துள்ளது.

கமராவின் ஆணை

உதைபந்தாட்டத்தில் இருபத்திரண்டு பேர் விளையாடுகின்றனர், பந்து ஒன்று. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் என்ன செய்கின்றார் என்பதிலேதான் ஆட்டத்தின் அறிவு இருக்கின்றது. எங்கே நிற்கின்றார், எவரை இழுத்துக்கொண்டு போகின்றார், எவ்விடத்தை வெறுமையாக்கித் தோழனுக்கு வழிவிடுகின்றார் என்பவை அந்நேரத்துக்கு உரியவை. மைதானத்தின் ஓரத்தில் நிற்பவர் இவற்றைத் தாமே தேடிப் பார்க்கலாம். பெட்டியின் முன் இருப்பவருக்கு அவ்வுரிமை இல்லை. கமரா பந்தின் பின்னே ஓடுகின்றது. நம் கண் கமராவின் பின்னே ஓடுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 2022 திசம்பர் 18ஆம் நாள் இரவு கட்டார் நாட்டில் ஆர்ஜன்டீனாவும் பிரான்சும் மோதிய இறுதியாட்டத்தை இக்கரையில் பாராதார் சிலரே. 80ஆம் நிமிடம் வரை ஆர்ஜன்டீனா இரண்டு கோல்கள் முன்னே நின்றது. பின்னர் எம்பாப்பே 97 செக்கன்களுக்குள் இரண்டு கோல்கள் அடித்தார். இதனை அதிசயம் என்றே பலர் பேசினர். ஆனால் அதற்கு முன் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். முதற் பாதியில் இடப்புறத்தில் பிரான்சை அலைக்கழித்தவர் டி மரியா. 64ஆம் நிமிடத்தில் அவர் வெளியே அழைக்கப்பட்டார். பிரான்சின் பயிற்றுநரோ இடைவேளைக்கும் பொறாமல் 41ஆம் நிமிடத்திலேயே இருவரை மாற்றிப் புதிய கால்களை இறக்கியிருந்தார். பந்தை மட்டும் பார்த்தவர் அதிசயத்தைக் கண்டார். மைதானத்தைப் பார்த்தவர் ஆட்டம் சாயத்தொடங்கிய நேரத்தை முன்னரே கண்டிருக்கக்கூடும்.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். பந்து வீசுவோரின் முதுகுப்புறத்திலிருந்தே பெரும்பாலும் காட்டுகின்றனர். தலைவர் எந்தக் காவலரை எங்கே நகர்த்தினார் என்பது சட்டகத்துக்கு வெளியே நடக்கின்றது. பொறி வைத்த கையைக் காட்டாமல் பொறியில் விழுந்த விலங்கை மட்டும் காட்டுவது போன்றது இது.

மனிதக் கண்ணின் இயல்பும் இதற்குத் துணைபோகின்றது. 1999ஆம் ஆண்டு அமெரிக்க உளநூலறிஞர் இருவர், சைமன்சும் சாப்ரிசும், ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். கூடைப்பந்தை ஒருவருக்கொருவர் எறியும் படத்தைக் காட்டி, ஓர் அணியினர் எத்தனை முறை எறிகின்றனர் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவிலே கொரில்லா வேடமிட்ட ஒருவர் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனார். பார்த்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனைக் காணவே இல்லை! எண்ணச் சொன்னதை எண்ணினர், எண்ணாததைக் காணவில்லை. எதைப் பார் என்று நமக்குக் கட்டளையிடுகின்றவர், எதைக் காணாதே என்றும் உடன் கட்டளையிட்டு விடுகின்றார்.

திரும்பக் காட்டுதலின் வல்லமை

நடந்ததை உடனே திரும்பக் காட்டும் முறை 1963ஆம் ஆண்டு திசம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவில் இராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் ஆட்டமொன்றில் முதலில் கையாளப்பட்டது. 1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரிலே, சச்சின் தெண்டுல்கர் அப்படத்தைப் பார்த்த மூன்றாம் நடுவரால் ஆட்டமிழந்தவரென்று முதன்முதலில் தீர்க்கப்பட்டார். இம்முறையால் நீதி சிறந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவரின் மனத்தில் அது செய்யும் வேலை வேறு.

2011 ஏப்பிரல் 2ஆம் நாள் மும்பாயில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய இறுதியாட்டத்தை நினைவுகூருமாறு எவரையும் கேளுங்கள். தோனி அடித்த கடைசி ஆறு ஓட்டங்களைச் சொல்வார். அந்த ஓர் அடி அன்றுதொட்டு இன்றுவரை எண்ணற்ற முறை திரும்பக் காட்டப்பட்டுள்ளது. ஆனால் இரு விக்கெட்டுகள் விரைவில் விழுந்த நேரத்தில் நின்று 97 ஓட்டங்கள் எடுத்த கம்பீரை எத்தனைபேர் முதலில் சொல்கின்றனர்? தோற்ற அணிக்காக ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் குவித்த மகேல ஜயவர்தனாவை எத்தனைபேர்? தொடக்கத்தில் ஐந்து ஓவர்கள் வீசி, அவற்றுள் மூன்றில் ஓட்டமே கொடாமல், மொத்தம் ஆறே ஓட்டங்கள் கொடுத்த சாகீர்கானை எத்தனைபேர்? வீடு கட்டியவர்கள் பலர். கடைசி ஓட்டைப் போட்டவர் ஒருவர். படம் பிடிக்கப்பட்டவர் அவரே.

வேகத்தைக் குறைத்துக் காட்டுவதிலும் ஒரு தீங்கு உண்டு. 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, ஒரு செயலை மெதுவாக ஓட்டிக் காட்டினால் பார்ப்பவர், செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று அதிகமாக நம்புகின்றனர் எனக் காட்டியது. செய்தவருக்குச் சிந்திக்கக் கிடைத்த நேரமோ ஒரு கணம். நமக்குக் கிடைப்பதோ ஐந்து செக்கன். அவ்வைந்து செக்கனையும் அவருக்கே கிடைத்ததாக எண்ணித் தீர்ப்பளிக்கின்றோம். உதைபந்தாட்ட மத்தியஸ்தரை நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தவாறு ஏசுபவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

பிறர் வாயால் காணுதல்

1977இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு பனி ஹொக்கி ஆட்டத்தைப் பற்றியது. சாதாரணமாக நடந்த ஆட்டத்தை முரட்டு ஆட்டம் என்று வர்ணனையாளர் அழுத்திச் சொன்னபோது, பார்த்தவரும் அதனை முரட்டு ஆட்டமாகவே கண்டனர். கண்முன்னே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஆயினும் காதின் சொல்லே வென்றது.

ஆகவே வர்ணனை எம்மொழியில், யாரால், யாருக்காகச் செய்யப்படுகின்றது என்பது சிறு விடயம் அன்று. நம்முள் பலர் தமிழ் வர்ணனை வேண்டின் தமிழகத்து அலைவரிசையை நாடுகின்றோம். அங்குப் பேசுவோர் நம் மொழியர்; நம் உறவினர். ஆனால் அவர்கள் பேசுவது அவர்களுடைய அணியின் நெஞ்சத்தோடு. கொழும்பிலிருந்து சிங்களத்தில் பேசுவோர் தம் நெஞ்சத்தோடு பேசுகின்றனர். மன்னாரில் இருப்பவன் இரு வாய்களுக்கும் நடுவிலே செவியைத் திருப்பித் திருப்பி அமர்ந்திருக்கின்றான். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று கூறியது. அரச ஒலிபரப்பும் ஒளிபரப்பும் தேசிய அணியின் ஆட்டத்தை வழங்கும்போதெல்லாம், இந்நாட்டுத் தமிழனுக்கு இந்நாட்டுத் தமிழில், ஆட்டம் அறிந்தவரைக் கொண்டு முழுமையாக வழங்குவது சலுகை ஆகாது, கடமையாகும்.

ஒரே ஆட்டம், இரு காட்சிகள்

1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்சுடன், டார்ட்மத் என்னும் இரு பல்கலைக்கழகங்கள் முரட்டுத்தனமாக ஓர் ஆட்டம் ஆடின. பின்னர் அதே படத்தை இரு சாரார்க்கும் காட்டி, டார்ட்மத் அணியினர் செய்த தவறுகளை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டோர்ப், கன்ட்ரில் என்னும் அறிஞர்கள். 1954இல் வெளியான அவர்களுடைய கணக்கின்படி, டார்ட்மத் மாணவர் சராசரி 4.3 தவறுகளைக் கண்டனர். பிரின்சுடன் மாணவர் 9.8 தவறுகளைக் கண்டனர். எவரும் பொய் சொல்லவில்லை. இரு சாராரும் தாம் கண்டதையே சொன்னார்கள்.

இது நமக்கு அயலார் கதை அன்று. இலங்கையும் இந்தியாவும் ஆடும் நாளில் வடபுலத்து ஒரே வீட்டிலே தந்தை ஒரு பக்கமும் மகன் மறு பக்கமும் நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். 1996 மார்ச் 17ஆம் நாள் லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து இலங்கைக்கு உலகக் கிண்ணம் வென்று தந்தபோது, நம் மக்களுள் பலர் இடம்பெயர்ந்து மடுவிலும் மண்டபம் முகாமிலும் இருந்தனர். அவ்வெற்றியைக் கண்டு மகிழ்ந்தவரும் உண்டு. மகிழ மனம் வராதவரும் உண்டு. மகிழ்ந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டவரும் உண்டு. அம்மூவரையும் நாம் குறை கூறோம். அவரவர் கண்ணில் அவரவர் வாழ்வு நிழலாடியது. நிழலாடுகின்றது என்பதை அறிந்து பார்ப்பதே வேண்டுவது.

முரளிதரனை எண்ணுங்கள். 1995 திசம்பர் 26ஆம் நாள் மெல்போணில் நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துவீச்சை ஏழு முறை முறையற்றது என்றார். அன்றுதொட்டுக் கமராக்கள் அவருடைய முழங்கையை நெருங்கி நெருங்கிக் காட்டின. உலகம் கையைப் பார்த்தது. பந்து விழுந்த இடத்தையும் அது சுழன்ற விதத்தையும் பார்க்க மறந்தது. பின்னர் 2004இல் பலருடைய பந்துவீச்சையும் கருவிகொண்டு அளந்தபோது, ஏறத்தாழ எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நிமிர்வது வெளிப்பட்டது. 2005 முதல் 15 பாகை வரை அனுமதி என்னும் விதி வந்தது. மற்றவரிடம் அக்குறை இல்லாதிருந்ததன்று. மற்றவரை அவ்வாறு எவரும் உற்றுப் பார்க்கவில்லை. ஒருவனை மட்டும் பூதக்கண்ணாடியில் வைத்தால் அவன் மட்டுமே குற்றவாளியாகத் தோன்றுவான். இதன் பொருளைத் தமிழ் மக்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2010 யூலை 22ஆம் நாள் காலியில் அவர் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியபோது பந்தே பதில் சொல்லியது.

விலைபோகும் கவனம்

இந்தியன் பிரிமியர் லீக் ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை காட்டும் உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விலைபோயிற்று. வாங்கியவர்கள் மட்டையையும் பந்தையும் வாங்கவில்லை. நம் கண்களை வாங்கினர். வாங்கி விளம்பரக்காரருக்குச் சில்லறையாக விற்கின்றனர். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஓவருக்கு ஓவர் வரும் இடைவெளிகள் மட்டும் 98. ஒவ்வொன்றும் ஒரு கடை. முன்னர் தலைவர் காவலரை மாற்றி நிறுத்துவதைக் காணக்கூடிய நேரம் அது. இப்பொழுது அந்நேரத்தில் நமக்குச் சவர்க்காரம் காட்டுகின்றனர்.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு ஒரு நாளிதழ் கணக்கிட்டுப் பார்த்தது. அந்நாட்டு உதைபந்தாட்ட ஒளிபரப்பு மூன்று மணி நேரம் நடந்தால், பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடமே! திரும்பக் காட்டியவற்றுக்கு அதனினும் அதிக நேரம் சென்றது.

இலங்கை பெருமையோடு வென்ற 1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ணம் எப்பெயரைத் தாங்கியிருந்தது? வில்ஸ் என்னும் சிகரெட்டின் பெயரை. அதனை அப்போது எத்தனை தந்தையர் கவனித்தனர்? பிள்ளைகள் கவனித்தனர். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் புகையிலை, மதுபான விளம்பரங்களைத் தடுத்தது. கதவு மூடியபின் சாளரம் திறக்கும் வணிகர் எக்காலத்திலும் உண்டு. இன்று கடல்கடந்து வரும் ஒளிபரப்புகளில் பந்தயச் சூதின் நிழல் விழுகின்றது. கைத்தொலைபேசியில் ஆட்டம் பார்க்கும் இளைஞன் ஒரே கண்ணாடியில் ஆட்டத்தையும் அரட்டையையும் சூதையும் மாற்றி மாற்றிப் பார்க்கின்றான். மூன்றையும் பார்ப்பதாக எண்ணுகின்றான். ஒன்றையும் பார்க்கவில்லை.

இளைப்பாற விடுங்கள் என்பார்க்கு

"பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் இரவில் இரண்டு மணி நேரம் ஆட்டம் பார்க்கின்றான். அங்கேயும் பாடம் படிக்கச் சொல்கின்றீர்களா?" என்று அன்பர் சிலர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. இளைப்பாறுதலை நாம் பழிக்கவில்லை. ஆனால் நன்கு பார்த்தல் இளைப்பாறுதலுக்குப் பகை என்பதை ஏற்க மாட்டோம்.

மாதோட்டத்து வாசாப்பும் நாட்டுக்கூத்தும் விடியவிடிய நடந்த காலத்தை முதியோர் அறிவர். மணலில் பாயை விரித்து அமர்ந்தவர்கள் பகலில் வலை இழுத்தவர்கள், வரம்பு வெட்டியவர்கள். கதை அவர்களுக்கு முன்னரே தெரியும். முடிவு தெரிந்த கதையை எதற்காக விடியும்வரை பார்த்தனர்? எவ்வாறு பாடுகின்றான், எவ்வாறு ஆடுகின்றான், சென்ற ஆண்டு அதே வேடம் கட்டியவனைக் காட்டிலும் எங்கே உயர்ந்தான், எங்கே தாழ்ந்தான் என்பதைப் பார்த்தனர். மெட்டுத் தவறினால் முன்வரிசைக் கிழவி முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்கு அஞ்சியே நடிகர் மாதக்கணக்கில் பழகினார். பார்ப்போரின் தரம் ஆடுவோரின் தரத்தை உயர்த்தியது. அதுவே அவர்களுக்கு இளைப்பாறுதலும் ஆயிற்று. ஆகவே நாம் வேண்டுவது புதிய பாடம் அன்று. பாட்டி அறிந்திருந்த பழைய பாடமே.

மேலும் நம் தொழில்களே நமக்கு ஆசான்கள். கமக்காரர் வயலுக்குப் போனால் கதிரை மட்டுமா பார்க்கின்றார்? துருசில் நீர் எவ்வளவு திறந்திருக்கின்றது, கடைசி வயல்வரை அது சேர்கின்றதா, வரம்பில் நண்டு துளைத்திருக்கின்றதா என்று பார்க்கின்றார். வைத்தியர், வலிக்கின்றது என்று நோயாளி காட்டும் இடத்தோடு நிற்பதில்லை. சட்டத்தரணி சாட்சியின் சொல்லோடு அவருடைய தயக்கத்தையும் கேட்கின்றார். ஆசிரியர் கடைசி வாங்கிலே பேசாதிருக்கும் பிள்ளையைக் கவனிக்கின்றார். இக்கண்களையே ஆட்டத்துக்கும் கொண்டுவாருங்கள் என்கின்றோம்.

பெட்டிக்கு வெளியே உள்ள மைதானம்

இனி, இதனால் நமக்கு வந்துள்ள நட்டத்தைக் கூறுவோம். உதைபந்தாட்டம் மன்னாரின் ஊர்விளையாட்டு. கோவில் மணியோசை கேட்கும் தூரத்திலே மைதானம் இல்லாத கரையூர் அரிது. புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி முதலாய பாடசாலைகளும் ஊர்க் கழகங்களும் தலைமுறை தலைமுறையாக இவ்விளையாட்டை வளர்த்தன. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து முஸ்லிம் மக்கள் விரட்டப்பட்டபோது, ஊர்களோடு மைதானங்களும் வெறுமையாயின. போர் ஓய்ந்தபின் திரும்பி வந்தவர்கள் பந்தையும் கொண்டுவந்தனர். இவ்வளவு துன்பத்துக்கும் தப்பிய விளையாட்டு இது.

2022 திசம்பர் 18இல் கட்டார் ஆட்டத்தை விடாமல் பார்த்தோம். அதன்பின் ஐந்து வாரங்கூடச் செல்லுமுன், 2023 சனவரி 21ஆம் நாள், உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. இங்குள்ள சம்மேளனத்தின் நிருவாகத்தில் வெளியார் தலையிட்டமையே காரணம். ஓகத்து 28ஆம் நாள் வரை, ஏழு மாதத்துக்கு மேல், இந்நாட்டு அணி சர்வதேச ஆட்டம் ஆட முடியவில்லை. பேசாலைச் சிறுவனோ பள்ளிமுனைச் சிறுவனோ நாட்டின் சட்டையை அணியலாம் என்று காணும் கனவின் மேல் விழுந்த பூட்டு அது. அதே ஆண்டு நவம்பரில் கிரிக்கெட் சபையையும் சர்வதேசப் பேரவை இடைநிறுத்தியது. 2024 சனவரியிலேதான் விடுவித்தது. எம்பாப்பேயின் 97 செக்கன்களை நன்கு அறிந்த நாம், நம் பிள்ளைகளின் ஏழு மாதங்களை எவ்வளவு அறிந்தோம்? எவரைக் கேட்டோம்? எந்தப் பாராளுமன்ற உறுப்பினரை நிறுத்தி வினவினோம்?

கமரா போகாத இடத்துக்கு நம் கண்ணும் போகவில்லை. இதுவே நட்டம்.

அரசியலையும் நாம் இவ்வாறே பார்க்கப் பழகிவிட்டோம் என்பதுதான் நம் அச்சம். பாராளுமன்றத்தில் ஒருவர் மேசையில் அடித்தால் அது பலமுறை திரும்பக் காட்டப்படுகின்றது. அன்று நிறைவேறிய சட்டமூலம் என்ன என்பது பந்து இல்லாத பக்கத்து ஆட்டமாகிவிடுகின்றது. 2025 ஓகத்தில் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். அப்போராட்டத்தைத் திரையில் பார்த்தவர்களுள் எத்தனைபேர் தள்ளுமுள்ளை மட்டும் கண்டனர்? மழைநீர் வடிய வழி எங்கே, மணலை அள்ளியபின் தீவு நிற்குமா என்ற கேள்விகளை எத்தனைபேர் கேட்டனர்? கோலை மட்டும் பார்க்கின்றவன் தேர்தலன்று வெற்றியை மட்டும் பார்ப்பான். மைதானத்தைப் பார்க்கின்றவன் அடுத்த ஐந்தாண்டையும் பார்ப்பான்.

செய்யத் தக்கவை

குறைகூறி நிறுத்துவது நம் நோக்கமன்று. எளிய சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவதாக, அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரே வீரரைப் பாருங்கள். சட்டகத்துள் அவர் வரும்போதெல்லாம் எங்கிருந்து வருகின்றார் என்று எண்ணுங்கள். இரண்டாவதாக, ஓரிரு ஓவர்களை ஒலியை அடக்கிப் பாருங்கள். பிறர் சொல் இல்லாதபோது உங்கள் கண் என்ன சொல்கின்றது என்று அறிவீர்கள். மூன்றாவதாக, மத்தியஸ்தர் நம் அணிக்கு எதிராகத் தீர்த்தால், அதே செயலை எதிரணியினர் செய்திருப்பின் நாம் என்ன சொல்லியிருப்போம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். நான்காவதாக, பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். விளம்பரம் வரும்போது, "இதனை யார் விற்கின்றார்? ஏன் இப்பொழுது காட்டுகின்றார்?" என்று அவர்களைக் கேளுங்கள்.

ஊர்க் கழகங்களுக்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள். பேராட்டம் முடிந்த மறுநாள் மாலையில் கழக முற்றத்தில் கூடி, என்ன நடந்தது என்று கரித்துண்டால் நிலத்தில் கோடு கீறிப் பேசுங்கள். பழைய ஆட்டக்காரர் இல்லாத ஊர் மன்னாரில் இல்லை. அவர்களுடைய கண் இன்னும் மங்கவில்லை. ஊர் ஆட்டங்களைத் தமிழில் வர்ணிக்க மாணவரைப் பழக்குங்கள். நாளை அரச வானொலியும் தொலைக்காட்சியும் ஆளில்லை என்று சாக்குச் சொல்ல இயலாது.

யாவற்றுக்கும் மேலாக, பெட்டிக்கு முன் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையேனும் ஊர் மைதானத்துக்குக் கொடுங்கள். வைத்தியரும் சட்டத்தரணியும் கமக்காரரும் கோட்டோரத்தில் நின்று பார்க்கும் ஆட்டத்தில், சிறுவன் வேறு விதமாக ஓடுவான். அங்கே கமரா இல்லை. திரும்பக் காட்டுவாரும் இல்லை. ஒருமுறை தவறவிட்டால் தவறவிட்டதுதான். ஆகையால் அங்கே கண் தானாகவே விழித்துக்கொள்ளும்.

மண்டாடி கடலைப் பார்ப்பதை எவரும் அவருக்குப் படம்பிடித்துக் காட்டுவதில்லை. அவர் தாமே பார்க்கின்றார். அதனால் வலை நிறைகின்றது. பிறர் காட்டியதை மட்டும் பார்க்கும் மக்கள், பிறர் விட்டதை மட்டுமே உண்பார்கள். நம் கண்ணை நாமே ஆள்வோம்.